இறங்காத விதையும் பிள்ளைப்பேறும்: பரம்பரை எவ்வளவு, சூடு எவ்வளவு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பையனுக்கு 7 மாதம், நிறைமாதப் பிள்ளை. வலது விதை (விரை) பைக்குள் இறங்காமல் தொடை இடுக்கில் தட்டுப்படுகிறது. இடது பக்கம் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆணுறுப்பும் சிறுநீர்த் துளையும் சரியாக இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "தானா இறங்கிடும், இவன் அப்பனுக்கும் லேட்டாதான் இறங்குச்சு" என்கிறார் மாமியார். தாயின் அண்ணனுக்கு இரண்டு பக்கமும் இதே குறை. 12 வயதில் அறுவை செய்தார்கள். கல்யாணமாகி 8 வருடமாகிறது, குழந்தை இல்லை. கணவர் சொந்த அத்தை மகன். "இது பரம்பரையா? சொந்தத்துல கட்டுனதாலயா? என் பிள்ளைக்கும் பிள்ளை இல்லாம போயிடுமா?"

மாமியார் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். அவர் சொல்வது முழுத் தவறில்லை, காலம்தான் கடந்துவிட்டது. நிறைமாதத்தில் பிறக்கும் பையன்களில் 100க்கு 2 முதல் 4 பேருக்கு ஒரு விதையாவது இறங்கியிருக்காது. குறைமாதப் பிள்ளைகளில் இது 30 வரை போகும். ஒரு வயதில் பார்த்தால் 100க்கு ஒருவர் அளவில் வந்து நிற்கும். இறங்க வேண்டியவை முதல் 3 மாதத்தில், மிஞ்சிப்போனால் 6 மாதத்துக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. அப்பாவுக்கு லேட்டாக இறங்கியது என்பது பெரும்பாலும் வேறு சங்கதி: விதை இறங்கித்தான் இருக்கும், குளிரோ பயமோ பட்டால் தசை சுண்டி மேலே இழுத்துக்கொள்ளும். வெந்நீரில் குளிப்பாட்டிச் சம்மணமிட்டு உட்காரவைத்துப் பார்த்தால் விதைப்பைக்குள் வந்து நிற்கும். அதற்கு அறுவை வேண்டாம்; சில பையன்களுக்கு வளர வளர அது மேலேயே நின்றுவிடுவதால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உங்கள் பையனுடையது அந்த வகையில்லை. எண்ணெய் தேய்த்து உருவி இறக்கலாம் என்று யாராவது வந்தால் கை வைக்க விடாதீர்கள்.

இனி பரம்பரைக்கு வருவோம். விதை இறங்காமல் இருப்பதையும் பிற்காலத்தில் விந்தணு இல்லாமல் போவதையும் ஒரே நோயாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இரண்டும் இரண்டு விதமாகத் தொடர்புபடலாம். ஒன்று, விதை நல்ல விதைதான், இழுத்து இறக்கும் ஏற்பாட்டில் மட்டும் பழுது; மேலேயே கிடந்து சூட்டில் கெடுகிறது. மற்றது, அடிப்படையில் ஒரு மரபணுக் குறை. அதுவே விதையை இறங்கவிடாமலும் செய்கிறது, விந்தணு உண்டாகாமலும் செய்கிறது. முதல் வகையில் சீக்கிரம் கீழே இறக்கினால் பிள்ளைப்பேறு பெரும்பாலும் காப்பாற்றப்படும். இரண்டாம் வகையில் அறுவை எவ்வளவு கச்சிதமாக நடந்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். பெரும்பாலான பையன்களிடம் ஒற்றை மரபணுக் குறை எதுவும் அகப்படுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கருவில் விதை சிறுநீரகத்தின் அருகே தோன்றுகிறது. 8 முதல் 15 வாரத்துக்குள் வயிற்றின் அடிப்பகுதிக்கு வருகிறது. இதை நடத்துவது விதையே சுரக்கும் ஐஎன்எஸ்எல்3 என்ற ஹார்மோன். அது ஆர்எக்ஸ்எஃப்பி2 என்ற ஏற்பியில் ஒட்டினால்தான் விதையைக் கீழே பிடித்திருக்கும் தசைநார் தடித்து நங்கூரம் போல நிற்கும். 25 முதல் 35 வாரத்துக்குள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் பலத்தில் தொடை இடுக்கைத் தாண்டிப் பைக்குள் இறங்கும். முதல் கட்டம் தவறினால் விதை வயிற்றுக்குள்ளேயே தங்கும், இரண்டாவது தவறினால் தொடை இடுக்கில் நிற்கும். ஐஎன்எஸ்எல்3 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு இரு விதையும் வயிற்றிலேயே தங்கின. குட்டி போடவைக்க முடியவில்லை. சின்ன வயதிலேயே அறுவை செய்து கீழே இறக்கிய எலிகளில் விந்தணு உற்பத்தி பிழைத்தது. சூடுதான் குற்றவாளி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. மனிதர்களில் இந்த இரண்டு மரபணுக்களின் மாற்றம் மிகச் சிலரிடமே கிடைக்கிறது.

சூடு என்றால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பைக்குள் உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு, அவ்வளவுதான். ஆனால் 3 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் விதைக்குள் ஒரு முக்கியமான மாற்றம் நடக்கிறது. கருவிலிருந்து வந்த ஆதி அணுக்கள், வாழ்நாள் முழுதும் விந்தணுவுக்கு வித்தாக இருக்கப்போகும் தாய் அணுக்களாக மாறுகின்றன. பிறந்த சில வாரத்தில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விதையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களை வாரி இறைக்கும். டாக்டர்கள் இதை மினி பியூபர்ட்டி, அதாவது குட்டிப் பருவமடைதல் என்பார்கள். இந்த அலையும் வேண்டும், குளிர்ந்த இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தாய் அணுக்கள் போதுமான அளவு உண்டாகாது. அறுவையை ஒரு வயதுக்குள், தவறினால் ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடச் சொல்வது இதற்காகத்தான். 6 மாதத்திலேயே சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்வதும் இதற்காகத்தான். உங்கள் அண்ணனுக்கு 12 வயதில் செய்தது விதையைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்தது. அணுக்களுக்கான காலம் அதற்கு 11 வருடம் முன்பே முடிந்துவிட்டது.

அப்படியானால் அண்ணனுக்குக் குழந்தை இல்லாததற்கு லேட்டான அறுவை ஒன்றே காரணமாக இருக்கலாம். இருக்கலாம்தான், ஆனால் அப்படியே முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் பையனைப் பற்றி அறிய இன்றைக்கு இருப்பதிலேயே சிறந்த பரிசோதனை பையனின் உடம்பில் இல்லை, தாய்மாமன் உடம்பில் இருக்கிறது. 7 மாதப் பிள்ளையின் ரத்தத்தில் எல்எச், டெஸ்டோஸ்டிரோன் பார்த்துப் பிரயோசனமில்லை. மினி பியூபர்ட்டி அடங்கிய பிறகு எல்லாப் பையன்களுக்கும் அவை குறைவாகத்தான் இருக்கும், அடுத்த பருவம் வரும்வரை அப்படியே கிடக்கும். அண்ணனிடமோ ஒரு காலை நேர ரத்தப் பரிசோதனையும் விந்துப் பரிசோதனையும் போதும். விந்தை 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். ரத்தத்தில் எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன். கூடவே மணிகள் கோத்த அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து விதையின் அளவையும் டாக்டர் பார்ப்பார்.

விதை சிறுத்து எஃப்எஸ்எச் ஏறியிருந்தால் பழுது விதையில் என்று பொருள். அப்போது குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் எடுப்பார்கள். எக்ஸ் ஒன்று கூடுதலாக வந்து 47 குரோமோசோம் இருப்பதுதான் கிளைன்ஃபெல்ட்டர். ஆண்களில் சுமார் 600 பேருக்கு ஒருவரிடம் உண்டு, விதை இறங்காமையும் அவர்களிடம் கூடுதல். ஆனால் அது வம்சவழியாக வருவதில்லை; கரு உண்டாகும்போது தற்செயலாக நேர்வது. ஒய் துண்டு விடுபட்டிருந்தாலும் உங்கள் பையனுக்கு அதில் பங்கில்லை. மாமனின் ஒய் உங்கள் அப்பாவுடையது, பையனின் ஒய் உங்கள் கணவருடையது. இரண்டும் சரியாக இருந்தும் எஃப்எஸ்எச் உயர்ந்திருந்தால் லேட்டான அறுவைதான் முதல் சந்தேகம். ஆக, இந்த மூன்று முடிவில் எது வந்தாலும் பையனுக்கு அதனால் பாரமில்லை.

விதை நல்ல அளவில், ஹார்மோன் எல்லாம் ஒழுங்காக, விந்தில் மட்டும் அணு இல்லை என்றால் பெரும்பாலும் விந்துக்குழாயில் அடைப்பு. இறங்காத விதையோடு அதன் குழாயும் ஒழுங்காக ஒட்டாமல் இருப்பது உண்டு. பழைய அறுவையில் குழாய் காயப்பட்டிருக்கவும் கூடும்.

பையனுக்குச் செய்தியாக வரும் முடிவு இரண்டுதான். முதலாவது, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் ஏறாமல் குறைவாகவே இருப்பது. இது பழுது மேலே, மூளையின் கட்டளையில் என்று காட்டும். இதில் ஒரு வகை கால்மன் நோய். மணம் அறியும் நரம்பும் இந்தக் கட்டளையைத் தொடங்கும் அணுக்களும் கருவில் ஒரே வழியில் பயணம் செய்வதால் அவர்களுக்கு மூக்கில் வாசனை தெரியாது. அண்ணனிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம்: பிளாச்சான் (இறால் விழுது) வறுக்கும்போது வீடே தும்மும், அவருக்கு ஒன்றும் தெரிவதில்லையா? டுரியான் காலத்தில் எல்லோரும் மூக்கைப் பிடிக்கையில் அவர் சும்மா இருப்பாரா? மீசை, குரல் மாற்றம் எல்லாம் மருந்து கொடுத்த பிறகுதான் வந்ததா? ஆம் என்றால் சந்தேகம் பலமாகிறது. இதற்குக் காரணமான மரபணுக்கள் பல. ஏஎன்ஓஎஸ்1 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, எஃப்ஜிஎஃப்ஆர்1 வேறு குரோமோசோமில். எக்ஸில் இருப்பது உங்கள் அம்மா வழியாக அண்ணனுக்கும், உங்கள் வழியாகப் பையனுக்கும் வரலாம். இத்தனை மரபணுக் காரணங்களில் மருந்து கொடுத்து விந்தணு வரவைக்கக் கூடியது இந்த வகைதான். எல்எச்சின் வேலையைச் செய்யும் எச்சிஜி ஊசியும் எஃப்எஸ்எச் ஊசியும் மாதக்கணக்கில், சிலருக்கு 2 வருடம் வரை போட வேண்டும். இளம் வயதில் விதை இறங்காமல் இருந்தவர்களுக்குப் பலன் குறைவு, ஆனாலும் முயல்வதற்கு நியாயம் உண்டு. 8 வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய தம்பதிக்கு இந்த ரத்தப் பரிசோதனை எழுதப்படாமலே போயிருந்தால் அது பெரிய அநியாயம். வெறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மீசை வரும், விந்தணு வராது, இருப்பதும் அடங்கிவிடும். இதை அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருந்தும் எல்எச் ஏறியிருப்பது. ஹார்மோன் உண்டு, உடம்பு அதைக் கேட்கவில்லை. ஆண் ஹார்மோன் ஏற்பி மரபணுவில் குறை. இதுவும் எக்ஸில்தான். இதற்கு இன்னொரு துப்பு பெண்கள் பக்கம் கிடைக்கும். தாய்வழியில் வயதுக்கே வராத பெரியம்மா, சித்தி யாரும் உண்டா? உயரமாக, மார்பு வளர்ச்சியோடு, மாதவிலக்கு மட்டும் வராமல் இருந்தவர்? சிலர் பிறப்பில் ஆண் குரோமோசோம் கொண்டவர்களாக, இந்த ஏற்பிக் குறையால் பெண்ணாக வளர்ந்தவர்களாக இருப்பார்கள். அதே போல, தாய்வழியில் ஆண் குழந்தை கைக்குழந்தையிலேயே ஓயாத வாந்தி, தோல் கறுத்துப்போதல் என்று இறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் பிட்யூட்டரியையும் ஒருசேரக் கெடுக்கும் மரபணு ஒன்றும் எக்ஸில் உண்டு. பாட்டி உயிரோடு இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. கூச்சப்பட்டு மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

சொந்தத்தில் கட்டியதற்கு வருவோம். எக்ஸ் வழிக் குறைகளுக்கும் உங்கள் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. பையனின் எக்ஸ் உங்களிடமிருந்துதான் வருகிறது, கணவர் அத்தை மகனானாலும் அந்நியரானாலும் அது மாறாது. இருவரிடமிருந்தும் ஒரே குறை சேர்ந்தால்தான் தலைகாட்டும் வகையில் மட்டும் உறவு கணக்கில் வரும். உங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு குறை மறைந்திருந்தால் அவர் தங்கையிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, அத்தை மகனிடம் இருக்கக் கால் வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டிய வீடுகளில் இது இன்னும் கூடும்.

அந்த வகையில் விதை இறங்காமையோடு முக்கியமானது ஒன்று. கருவில் பெண் உறுப்புக் குழாயை அழிக்கும் ஏஎம்எச் ஹார்மோனோ அதன் ஏற்பியோ இல்லாமல் போவது. பையன் எல்லா விதத்திலும் பையன்தான், குரோமோசோமும் ஆணுக்குரியது. உள்ளே சிறு கருப்பை தங்கிவிடும். வெளியே ஒரு விதை தொடை இடுக்கில், மற்றது கைக்கு அகப்படாமல், ஏறக்குறைய உங்கள் பையனைப் போலவே இருக்கும். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. இது அரிது, உங்கள் பையனுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ரத்தத்தில் ஏஎம்எச் அளவைப் பருவமடையும் முன் எந்த வயதிலும் பார்க்கலாம், அறுவைக்கு முன் பார்த்துவிட்டால் கத்தி வைப்பவர் தயாராக இருப்பார். விந்துக்குழாய் அந்தக் கருப்பையின் சுவரை ஒட்டியே ஓடும். முன்யோசனை இல்லாமல் கருப்பையை வெட்டி எடுத்தால் குழாயும் போய்விடும். மரபணு கெடுக்காததைக் கத்தி கெடுத்துவிடும். ஏஎம்எச் அளவு குறைவென்றால் குறை ஹார்மோன் மரபணுவில், அளவு சரியாக இருந்தும் கருப்பை தெரிந்தால் ஏற்பியில்.

பையனுக்குக் குரோமோசோம் பரிசோதனை வேண்டுமா? ஒரு பக்கம் மட்டும் இறங்காத, மற்றபடி நல்ல பையனுக்குத் தேவையில்லை. சிறுநீர்த் துளை இடம் மாறியிருந்தால், ஆணுறுப்பு பிறக்கும்போது நீட்டி அளந்தும் 2.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், உடம்பு துவண்டு பால் இழுக்கச் சிரமப்பட்டால், முக அமைப்பிலோ இதயத்திலோ வேறு குறை இருந்தால் கட்டாயம் வேண்டும். நூனான், பிராடர் வில்லி போன்ற பிறவி மரபணு நோய்களில் விதை இறங்காமை முதல் அடையாளங்களில் ஒன்று. உங்கள் பையனுக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் இரு பக்கமும் குறை, மாமன் கதை, உறவுக் கல்யாணம் மூன்றும் சேர்ந்திருப்பதால் ஏஎம்எச்சோடு குரோமோசோமும் பார்க்கச் சொல்லிக் கேட்பது தவறில்லை.

இதைப் படிக்கும் வேறு தாய்மாருக்கு ஒன்று. பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை கைக்கே அகப்படவில்லை என்றால் 6 மாதம் காத்திருக்கும் கணக்கு செல்லாது, அன்றைக்கே மருத்துவமனையில் பார்க்க வேண்டும். அட்ரீனல் குறையால் ஆண் போலத் தோன்றும் பெண் குழந்தையாக இருக்கலாம். முதல் 2, 3 வாரத்தில் உடம்பில் உப்பு வடிந்து உயிருக்கே ஆபத்தாகும். தொப்புள்கொடி ரத்தத்தில் வழக்கமாகப் பார்ப்பது ஜி6பிடி என்ற நொதியின் குறையும் தைராய்டும்; அதில் இது தெரியாது.

இனி நடக்க வேண்டியது. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போய், குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். அரசாங்கச் சிறப்புக் கிளினிக்கில் கட்டணம் குறைவுதான். தேதி பல மாதம் தள்ளிக் கொடுத்தால், வயதைச் சொல்லி ஒரு வயதுக்குள் முடிய வேண்டும் என்று திரும்பக் கேளுங்கள். முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு வரலாம் என்று தனியார் இடத்தில் காசைக் கொட்ட வேண்டாம். கைக்கு அகப்படாத விதையில் ஸ்கேன் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. ஸ்கேனில் இல்லை என்றால் உள்ளே இல்லை என்று பொருளுமில்லை.

மயக்கம் கொடுத்ததும் முதல் வேலையாக இடது பக்கத்தை மறுபடி தடவிப் பார்ப்பார்கள். தசை தளர்ந்த நிலையில் சிலருக்கு அகப்பட்டுவிடும். இல்லையென்றால் தொப்புள் வழியே கேமரா. உள்ளே விதை இருந்தால் இறக்குவார்கள். ரத்தக்குழாய் குட்டையாக இருந்தால் அதைக் கட்டிவிட்டு, சுமார் 6 மாதம் கழித்து விந்துக்குழாயோடு வரும் மெல்லிய நாளத்தை நம்பி இறக்குவார்கள். ஆக இரண்டு அறுவை. ரத்தக்குழாய் மொட்டையாக முடிந்திருந்தால், கருவிலேயே விதை முறுக்கிக்கொண்டு அழிந்துவிட்டது. பெரும்பாலும் அது பரம்பரை இல்லை. வலது பக்கம் எளிது. தொடை இடுக்கில் சிறு கீறல், கூடவே இருக்கும் குடலிறக்கப் பையைக் கட்டி, விதையைப் பைத் தோலுக்கு அடியில் ஒரு சிறு பொந்தில் பதிப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு 2 வாரம் இடுப்பில் காலைப் பரப்பி உட்காரவைத்துத் தூக்காதீர்கள், தோளில் தூக்குங்கள். நடைவண்டியும் அதுவரை வேண்டாம்.

விதையை இறக்க ஹார்மோன் ஊசி போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2014 வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை. அறுவைக்குப் பிறகு தாய் அணுக்களைப் பெருக்க எல்எச்சைச் சுரக்கவைக்கும் எல்எச்ஆர்எச் வகை மருந்து கொடுப்பது வேறு விஷயம். சுவிட்சர்லாந்தின் ஆராய்ச்சி மருத்துவர் ஹாட்ஸிசெலிமோவிச் பல வருடமாக அதை வலியுறுத்துகிறார், சில மரபணுக்களின் மந்தமே மினி பியூபர்ட்டியைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். வாதத்தில் வலு உண்டு. எல்லா மருத்துவமனைகளும் ஏற்ற முறையாக இன்னும் ஆகவில்லை.

மருந்தடி வேலைதான் காரணமா என்று தோட்டத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிகளில் சில ஹார்மோனைக் குழப்பக்கூடியவை, ஆராய்ச்சி முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கர்ப்பிணிகள் அந்த வேலையிலிருந்து விலகியிருப்பது எப்படியும் சரி. ஒரு குழந்தையைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல வழியில்லை.

பிள்ளை பிறக்குமா என்ற கேள்விக்கு எண்கள் இப்படி. ஒரு பக்கம் மட்டும் இருந்து அறுவை செய்துகொண்டவர்களில், முயன்றோரில் சுமார் 90 சதவீதம் பேர் தகப்பனாகிறார்கள். மற்ற ஆண்களில் அது 93. இரு பக்கமும் என்றால் சுமார் 65. அறுவையே செய்யாத இரு பக்கக்காரர்களில் 10க்கு 9 பேருக்கு விந்தில் அணுவே இருக்காது. அந்த 65 என்ற கணக்கு, அறுவை வருடக்கணக்கில் தள்ளிச் செய்த தலைமுறையுடையது. ஒரு வயதுக்குள் செய்துகொண்ட பையன்களுக்கு அதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப இடமுண்டு.

கட்டி வரும் ஆபத்தையும் கணக்கில் வையுங்கள். 2007ல் வெளிவந்த சுவீடன் ஆய்வில் 13 வயதுக்குள் அறுவை செய்தவர்களுக்கு மற்ற ஆண்களைவிட 2 மடங்கும், அதற்குப் பிறகு செய்தவர்களுக்கு 5 மடங்கும் விதைப் புற்று வாய்ப்பு தெரிந்தது. உங்கள் அண்ணன் முதல் கூட்டத்தில் வருகிறார். மாதம் ஒருமுறை குளிக்கும்போது தடவிப் பார்த்து, கல் போல ஏதாவது நெருடினால் காட்ட வேண்டும். பையனுக்கு 15 வயதானதும் அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். 18க்குப் பிறகு ஒரு விந்துப் பரிசோதனை.

உங்களுக்கு அடுத்தும் பையன் பிறந்தால், பிறந்த அன்றே விதையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மூத்த பையனுக்கு இருந்தால் தம்பிக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 3 மடங்கு. ஏதாவது குறை தெரிந்தால் 3 மாதத்துக்குள் ஹார்மோன் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். மூத்தவனுக்குக் கிடைக்காத அந்தப் பரிசோதனை இளையவனுக்குக் கிடைக்கும்.